சங்கப் பெட்டியின் சாவி என்னிடம் இருந்தபோது

அன்பு மகன் சிவாவுக்கு அப்பா எழுதுவது.

முதலில் இந்த எழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. கோடு போட்ட கொப்பியில்தான் எழுதுகிறேன். அப்படியும் சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது, சில எழுத்து கீழே தொங்குகிறது. நாற்பது வருஷம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய கை இது. கத்தியைப் பிடித்த அதே இறுக்கத்தில் பேனாவையும் பிடிக்கிறது. இரண்டு வரி எழுதியதும் விரல் மரத்துப் போகிறது, உதறிவிட்டு மறுபடி எழுதுகிறேன். இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு காலை முழுவதும் போய்விட்டது. ஆனாலும் சொல்கிறேன் மகன், எழுபத்துமூன்று வயதில் இவ்வளவு சந்தோஷமான காலை எனக்கு வாய்த்ததில்லை. உன் பெயரை நானே எழுதினேன், நானே திரும்பப் படித்தேன். அந்தப் பெயரை உனக்கு வைத்தவன் நான்தான். அது தாளில் எப்படி இருக்கும் என்று போன வருஷம்தான் பார்த்தேன்.

இந்தத் தாள்களை உன் தங்கச்சி மாலா போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். "அதுக்குப் பேசாம போன்லயே பேசிடலாமேப்பா, எதுக்கு இந்தப் பாடு?" என்கிறாள். போனில் நீ பேசும் வேகத்துக்கு என்னால் வர முடிவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு பதிலை நான் யோசித்து முடிப்பதற்குள் நீ மூன்று விஷயம் தாண்டிப் போயிருப்பாய். கடைசியில் "உடம்பப் பாத்துக்கங்கப்பா" என்று வைத்துவிடுவாய். தாளில் எழுதினால் நீ காத்திருந்துதான் ஆக வேண்டும். என் பேச்சுக்காக ஒருவர் காத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ பேசியதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் உன் தெருக் கோடியில் வெகு நாளாகப் பூட்டிக் கிடக்கும் ஹோட்டலைத் திறந்து, படகில் கடல் தாண்டி வந்து தஞ்சம் கேட்கிறவர்களை அங்கே தங்க வைக்கப் போகிறார்கள் என்றாய். அவர்களுடைய சாப்பாடு, மருந்து, தங்கும் செலவு எல்லாம் வரி கட்டுகிறவர்களின் பணம் என்றாய். அதை எதிர்த்துத் தெருக்காரர்கள் அடுத்த மாதம் நகர மண்டபத்தில் கூட்டம் வைத்திருக்கிறார்களாம். அதில் பேசச் சொல்லி உன்னைக் கேட்டிருக்கிறார்களாம். "வெள்ளக்காரங்க பேசினா வேற மாதிரி எடுத்துக்குவாங்களாம்ப்பா. நானும் வெளிய இருந்து வந்தவன், ஒழுங்கா வந்தவன். நான் சொன்னா எடுபடும்ங்கிறாங்க" என்றாய். பிறகு உன் குரல் மாறியது. "விடிய நாலு மணிக்கு எந்திரிச்சு பஸ் ஓட்டறேன். அந்தச் சம்பளத்துல வெட்டி எடுக்கிற காசுப்பா அது. அம்மா மொகத்தக்கூடப் பாக்காம வரிசையில நின்னவன் நான். இவங்க வரிசையே இல்லாம வந்து எறங்கிட்டாங்க. நீங்க சொல்லுங்க, நான் பேசறது தப்பா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "சாப்பிட்டியா மகன்?" என்றேன். நீ சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்கு அடுத்த நாள், நான் எழுத்துப் படிக்கப் போகும் வகுப்பில் கேட்டேன். எங்கள் வகுப்பு பிள்ளைக்காம்பராவில்தான் நடக்கிறது என்று சொன்னேன் அல்லவா? வேலை முடிந்து அம்மாமார் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனதும், அந்தப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் நாங்கள் ஆறு பேர் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்காருவோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வராணிதான் எங்களுக்கும் டீச்சர். "டீச்சர், வரின்னா என்னன்னு சரியாச் சொல்லுங்க" என்றேன்.

"எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போடறது ஐயா. அதுலதான் ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம்."

"ரோடா?" என்றாள் நம் பக்கத்துக் காம்பராப் பாக்கியம். "அப்ப நம்ம மடுல்சீமை ரோட்டுக்கு இன்னும் ஒருத்தரும் போடலையா?"

கவ்வாத்தில் என்னோடு நின்ற வேலு, "நாம எங்கக்கா வரி கட்டினோம், போடறதுக்கு?" என்றான்.

"தீப்பெட்டி வாங்கினாலும் அதுல வரி இருக்கு வேலண்ணே" என்றது டீச்சர். "சீனி, பருப்பு, போன் காட், சாராயம் எல்லாத்துலயும் இருக்கு."

"அப்ப இவரு குடிச்சதுக்கே ஒரு பாலம் கட்டியிருக்கலாமே!"

"கட்டினாங்கக்கா. அதுல இருந்து விழுந்துதானே காலை ஒடிச்சேன்."

சிரிப்பு அடங்கியதும் உன் விஷயத்தைச் சொன்னேன். வேலு உடனே உன் பக்கம் வந்துவிட்டான். "சிவா சொல்றது ஞாயந்தானே. ஒழைக்கிறது ஒருத்தன், ஒக்காந்து திங்கிறது ஒருத்தனா? சிவா விசா எடுத்துல்ல போனான்." பாக்கியம் விடவில்லை. "விசா குடுக்கிற ஆபீசு எரியாம இருந்துச்சு, போய் எடுத்தான். வீடு எரியறப்ப ஆபீசு எங்கன்னு தேடிக்கிட்டா நிப்பாங்க?" "எல்லாருக்குமா வீடு எரிஞ்சுச்சு? எரியாதவனும் அதே படகுலதான் வர்றான்." "அது யாரு யாருன்னு உனக்கு இங்கேருந்து தெரியுதாக்கும்." இப்படியே இருட்டும் வரை போனது. இரண்டு பேரும் பேசும்போது அவர்கள் சொல்வதுதான் சரி என்று எனக்கு மாறி மாறித் தோன்றியது. டீச்சரைப் பார்த்தேன். "இதுக்கெல்லாம் என் கொப்பியில பதில் இல்லைங்க ஐயா" என்று கரும்பலகையைத் துடைத்துவிட்டது.

படிக்கக் கற்றுக்கொண்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்றுதான் இவ்வளவு வருஷம் நினைத்திருந்தேன். படித்தவர்கள் குழம்பமாட்டார்கள் என்று ஒரு எண்ணம். இப்போது ஞாயிற்றுக்கிழமை பேப்பரை விரலால் தடவித் தடவி வாசிக்கிறேன், குழப்பம் இரட்டிப்பாகியிருக்கிறது. உன் நாட்டைப் பற்றியும் அதில் ஒருநாள் போட்டிருந்தார்கள். வருகிறவர்களால் செலவுதான் என்கிறார் ஒரு படித்தவர். அவர்கள் எடுப்பதைவிடக் கொடுப்பதுதான் அதிகம் என்கிறார் இன்னொரு படித்தவர். பக்கத்தைத் திருப்பினால், நம் நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறார்கள், அவர்களைப் படிக்க வைத்த செலவெல்லாம் வீண் என்று வேறொருவர் எழுதியிருக்கிறார். இங்கே போகிறவனால் நஷ்டம், அங்கே வருகிறவனால் நஷ்டம். ஒரே ஆள் எப்படி மகன் இரண்டு இடத்திலும் நஷ்டமாக முடியும்? வழியில் எங்காவது அவனால் ஒரு லாபம் விழுந்திருக்க வேண்டுமே. இதை நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இரண்டு தடவை வாசித்தும் விளங்கவில்லை.

என் அப்பா காலத்தில், கடல் தாண்டிக் கூலிக்கு வந்த வம்சமான நம்மையும் இந்த நாட்டுக்குச் சுமை என்றுதான் சொன்னார்கள். இந்த மலையில் நாம் பறித்த கொழுந்துதான் கப்பலேறிப் போனது. ஆனாலும் ஊர்ச் சோற்றைத் தின்னவந்த கூட்டம் என்றார்கள். நீ எந்த நாட்டு ஆள் என்று கேட்கும் கடுதாசிகளில் என் அப்பாவும் நானும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தோம். எனக்கு அடையாள அட்டை கிடைத்தது நீ பிறந்த பிறகுதான். இதை வைத்து உன்னைத் திட்டலாம் என்று முதலில் நினைத்தேன். நம்மைச் சொன்ன அதே வார்த்தையை நீ எப்படி இன்னொருவனைப் பார்த்துச் சொல்லலாம் என்று இரண்டு வரி எழுதியும்விட்டேன். பிறகு அடித்துவிட்டேன். அதோ மேலே கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான். திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று இதுவரை உனக்கு நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் தோட்டத்து மரண உதவிச் சங்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா. ஒரு சாவு விழுந்தால் சவப்பெட்டி, பந்தல், நாற்காலி, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி எல்லாவற்றையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். நம் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பணப் பெட்டியின் சாவியை எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் கொடுப்பார்கள், நோட்டை எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பார்கள். சாவிக்காரருக்கு நோட்டில் கை வைக்கத் தெரியாது, நோட்டுக்காரருக்குப் பெட்டியைத் திறக்க முடியாது. சாவி வைத்திருப்பவர்தான் தலைவர். அப்போது தலைவர் நான். எனக்கு எழுத்துத் தெரியாததுதான் என்னைத் தலைவராக்கியது. அதில் எனக்குப் பெருமை வேறு இருந்தது.

நீ அப்போது கைப்பிள்ளை. கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்துபோய், தூரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நான்கு குடும்பங்கள் நடந்தும் லொறி ஏறியும் இங்கே வந்து சேர்ந்தன. நம் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில் கூரை ஒழுகிக்கொண்டு சும்மா கிடந்த லயத்தில் அவர்களை இருக்கச் சொன்னார் தோட்டத்துத் தொரை. முதல் வாரம் எல்லோரும் அரிசியும் துணியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நம் வீட்டிலிருந்தும் போனது. அந்த வருஷம் மழை பிந்தியது, கொழுந்து குறைந்தது, வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனால் அவர்களும் வேலை கேட்டு நிற்பார்கள். பீலியில் தண்ணீர் நூலாக வரும்போது அவர்களுடைய வாளியும் வரிசையில் இருக்கும். ஒரு மாதத்துக்குள் பேச்சு மாறிவிட்டது. "பாவம்" என்றவர்கள் "எத்தன நாளைக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நானும் கேட்டேன். அவர்கள் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நமக்கே இல்லையே என்றுதான் சொன்னோம். அது பொய்யும் இல்லை.

ஐந்தாவது வாரம் அவர்களில் ஒருவரான சின்னையாவின் மனைவி காய்ச்சலில் செத்துப்போனாள். ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை. அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. சங்கத்தில் உதவி கேட்டு வந்தார் சின்னையா. நான் கூட்டம் கூட்டினேன். இப்போது நான் எழுத்துப் படிக்கிற இதே பிள்ளைக்காம்பராவில்தான். நோட்டு வைத்திருந்த பெருமாள் நோட்டைத் திறந்து, "பேரும் இல்ல, சந்தாவும் இல்ல. ஆறு மாசம் கட்டியிருந்தாத்தான் உதவின்னு நம்ம சட்டம்" என்று வாசித்தார். மாணிக்கம் என்று ஒருவர், உனக்கு அவரைத் தெரியும், "ஆளு வெளியதான் நிக்கிறாரு. உள்ள கூப்பிட்டு ஒரு வார்த்த கேப்போமே" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பது இன்றைக்கும் எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. "வேணாம். மொகத்தப் பாத்தா மனசு எளகிரும். எளகினா அப்பறம் சட்டம் எதுக்கு?" என்றேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பெருமாள், "தலைவர்னா இப்பிடி இருக்கணும்" என்றார். இத்தனை பேர் கொழுந்துக் கூடையைச் சுமந்து சம்பாதித்துக் கட்டிய பணத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் சின்னையா நின்றிருந்தார். சொன்னேன். "சரிங்க தலைவரே" என்றார். நான் திரும்பும்போது, "மம்பட்டி மட்டும் ஒண்ணு கெடைக்குமாங்க?" என்று கேட்டார்.

குழி வெட்டும் மம்பட்டியும் சங்கத்துச் சாமான்தான். அதைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் என்னுடைய சொந்த மம்பட்டியை எடுத்துவந்து கொடுத்தேன். அன்றைக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது. சங்கத்துக்கும் துரோகம் செய்யவில்லை, மனிதனுக்கும் உதவிவிட்டேன் என்று. அவர்கள் பெட்டியில்லாமல் சாக்கும் சேலையும் சுற்றி அந்தப் பெண்ணைப் புதைத்தார்கள். மம்பட்டியைக் கழுவித் துடைத்து, மறுநாள் காலையில் நம் வாசலில் சாத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார் சின்னையா.

உன் அம்மா என்னோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாவது நாள் நானே சண்டையைத் தொடங்கினேன். "சங்கத்துப் பணம் என்னா நம்ம வீட்டுப் பணமா, தூக்கிக் குடுக்க?" என்றேன். "நான் பணத்தப் பத்திப் பேசினேனா?" என்றாள். "அந்த மனுசன் வாசல்ல நிக்கிறப்ப உள்ள கதவச் சாத்திக்கிட்டு என்னா பேச்சு பேசினீங்க? பணம் குடுக்கல, சரி. ஒரு பாயப் போட்டு ஒக்கார வைக்கக்கூடவா சந்தா கட்டணும்?" உன் அம்மா முன்னால் நான் பதில் தெரியாமல் நின்றது அதுதான் முதல் தடவை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. சில மாதம் கழித்து அந்தக் குடும்பங்கள் வேறு தோட்டம் தேடிப் போய்விட்டன.

இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்குக் குழப்பமே இல்லை. அப்பா செய்தது தப்பு, நீ அதைச் செய்யாதே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். கையெழுத்துப் போட இப்போது எனக்குத் தெரியும். ஆனால் கதை முடியவில்லை. சாவி பிறகு மாணிக்கத்திடம் போனது. அவர் எல்லோருடைய முகத்தையும் பார்ப்பவர். யார் வந்து நின்றாலும் பெட்டியைத் திறந்தார். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், சந்தாவை நிறுத்தியவர்கள், ஊருக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்தார். "சாகறதுன்னா நம்ம தோட்டத்துல வந்து சாகணும்" என்று வேலு கேலி பேசுவான். ஒழுங்காகக் கட்டியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். உன் அம்மா போன அன்றைக்கு மாணிக்கம் அழுதுகொண்டே பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. நாங்கள் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு மாதம் தவறாமல் கட்டியவர்கள்.

சங்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது என்று அன்றைக்கு உன்னிடம் போனில் சொன்னேன். அது பொய். லயத்து ஆட்கள் வீட்டுக்கு வீடு கையில் எடுத்துக் கொடுத்துத்தான் சவப்பெட்டி வாங்கினோம். நீ அங்கே தங்குவதற்கான காகிதம் வரும் என்று காத்துக்கொண்டு, வெளியே கிளம்பினால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள் என்று தவித்துக்கொண்டிருந்தாய். உன் காகிதம் வருவதற்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. "நான் வந்துரட்டுமாப்பா?" என்று நீ கேட்டபோது, வராதே என்று சொன்னவனும் நான்தான். வந்திருந்தால் எல்லாம் போயிருக்கும். நான் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் உன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும் மகன். நீ கட்டியது வெறும் பணம் இல்லை. அதனால்தான் உன்னைத் தப்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

பெட்டியைப் பூட்டினேன், ஒரு பெண் சாக்கில் போனாள். மாணிக்கம் திறந்தார், உன் அம்மாவுக்கு ஒன்றும் இல்லாமல் போனது. எது சரி? நான் தினமும் ஒன்று நினைக்கிறேன், மறுநாள் மாற்றிக்கொள்கிறேன்.

போன புதன்கிழமை பதுளை ஆஸ்பத்திரிக்குப் பிரஷர் கிளினிக் போயிருந்தேன். பஸ்ஸில் இருந்து இறங்கியதும் கடைப் பெயர்களை எல்லாம் நின்று நின்று வாசித்துக்கொண்டே நடந்ததில் வரிசையில் கடைசி ஆளாகிவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு பெண், ஐம்பது வயதுக்குள் இருக்கும். அப்பாவுக்கு நடக்க முடியாததால் அவருடைய மருந்தை வாங்க வந்திருந்தாள். பேசுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள் போல.

"ஐயா எந்தப் பக்கம்?"

"மடுல்சீமைங்க."

"மடுல்சீமையா! எங்கம்மாவ அங்கதான் பொதைச்சிருக்கு. நான் சின்னப் புள்ள. கலவரத்துல வந்து கொஞ்ச நாள் இருந்தோம்."

பிரஷர் அன்றைக்குக் கூடியிருந்ததற்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பு காரணமில்லை. "அப்பா பேரு?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே. "சின்னையா. ஹல்துமுல்லையில என்கூடத்தான் இருக்காரு. காதுதான் மந்தம், வாய் கொறையல" என்று சிரித்தாள். கொண்டுவந்த ரொட்டியையும் கட்டாச் சம்பலையும் பிரித்து எனக்குப் பாதி கொடுத்தாள். அம்மா செத்த அன்றைக்கும் யாரோ ஒரு அக்கா கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, தனக்கு இப்படித்தான் ரொட்டி கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அந்த முகம் மறந்துவிட்டது என்றாள். அது உன் அம்மா. இடுப்பில் இருந்தது நீ. உன் அம்மா இதை என்னிடம் கடைசிவரை சொன்னதில்லை.

"எங்க தோட்டத்து ஆளுங்கள அப்பா ஏசுவாரா?" என்று கேட்டேன்.

"ஏச மாட்டாரு ஐயா. பஞ்சத்துல அவங்க மட்டும் என்னா செய்வாங்கம்பாரு. ஒண்ணு மட்டும் அடிக்கடி சொல்லுவாரு. அன்னிக்குச் சங்கத்துக் கூட்டம் நடக்கிறப்ப, ஒரு விசயம் சொல்லணும்னு வெளியவே நின்னாராம். கடைசி வரைக்கும் யாரும் உள்ள கூப்பிடலையாம்."

"என்ன சொல்லணும்னு நின்னாராம்?"

"அதத்தான் எனக்கும் சொல்ல மாட்டேங்கிறாரு. கேட்டா, அத அங்க சொல்லியிருக்கணும், ஒங்கிட்டச் சொல்லி என்னாம்பாரு."

அவள் என் பெயரைக் கேட்டாள். வேலு என்றேன். வாயில் அவள் கொடுத்த ரொட்டியை வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். பழைய ஆட்களைப் பார்த்தால் அப்பா சந்தோஷப்படுவார், ஒரு நாள் வாருங்கள் என்று ஒரு துண்டுத் தாளில் விலாசம் எழுதித் தந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து அதை யாருடைய உதவியும் இல்லாமல் நானே வாசித்தேன். முழுவதையும் தடங்கலில்லாமல் வாசித்த சந்தோஷமும், அது யாருடைய விலாசம் என்ற வெட்கமும் ஒன்றாக வந்தன. பக்கத்தில் இருந்தவர் "என்னா ஐயா, நல்ல செய்தியா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

மகன், கூட்டத்தில் பேசு என்றோ பேசாதே என்றோ நான் சொல்லப் போவதில்லை. பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் கொடுக்க முடியாது, அதை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் இத்தனை வருஷம் சட்டமா மனசா என்று எனக்குள் வழக்குப் பேசிக்கொண்டிருந்த நான், வெளியே நின்றவருக்கும் சொல்வதற்கு ஏதோ இருந்தது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பணம் கேட்பார், அழுவார், அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன். அவர் சொல்வதைக் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்காமல் சொல்லிவிட்டேன். உன் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது என்று மாலா சொல்கிறாள். பேசுகிறவர்கள் வரிசையில் உன் பெயரை அதுவரை கொடுக்காமல் இரு. ஒரு வாரம் எனக்காகப் பொறு.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பதுளைக்கு இறங்கி, அங்கிருந்து ஹல்துமுல்லைக்குப் போகிறேன். மாலா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். வேலு இல்லை, சாவி வைத்திருந்தவன் நான்தான் என்று முதலில் சொல்வேன். அன்றைக்கு என்ன சொல்ல நின்றீர்கள் என்று கேட்பேன். காது மந்தமாம், கத்தித்தான் கேட்க வேண்டியிருக்கும், அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கேட்கட்டும். அவர் சொல்வது எனக்கு விளங்கினாலும் விளங்காவிட்டாலும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். என்னைப் பார்த்ததும் அவர் கதவைச் சாத்திக்கொண்டால், எவ்வளவு நேரம் வெளியே நின்றேன் என்பதை எழுதுகிறேன்.

அப்பா